சரிபார்த்தவர்: அருணகிரி

அத்தியாயம் 14

ஆரணியில் பட்டு வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்தவன் மாடு வைத்தால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால், என் பன்னிரண்டு மாடுகளின் பெயரைச் சொன்னாலே போதும். மயில்கழுத்து, மாந்துளிர், அரக்கு, கத்திரிப்பூ, வெங்காயம்... எல்லாம் சேலைக் கலர்கள். மாடுகள் என்னவோ கறுப்பும் வெள்ளையுமாகத்தான் நிற்கின்றன. பெயர் வைத்தவன் நான். கண் டாக்டரிடம் காட்டச் சொன்னவள் என் மனைவி ரேணுகா.

போன வருஷம் என் மகள் லாவண்யா கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வந்து, பன்னிரண்டு கழுத்திலும் ஒரு பட்டை மாட்டினாள். மாடு எத்தனை நேரம் அசைபோடுகிறது, எவ்வளவு நடக்கிறது, உடம்பு சுடுகிறதா, எல்லாவற்றையும் பட்டை கணக்கெடுத்துப் போனுக்கு அனுப்பும். பால் கறக்கும் மெஷின் குழாயில் இன்னொரு கருவி. பாலில் கோளாறு என்றால் எந்த மாடு, எந்தக் காம்பு என்று சொல்லும். கொட்டகை வாசலில் ஒரு டிவி, அதில் பன்னிரண்டு புள்ளிகள். பச்சை என்றால் சுகம். சிவப்பு என்றால் ஓடு.

சேத்துப்பட்டு ரோட்டில் போகிறவர்கள் "மாட்டுக்கெல்லாம் தாலி கட்டின ஆளு" என்று என்னைக் கைகாட்டுவார்கள். நானும் கும்பிடு போடுவேன். இதுவரைக்கும் எந்த மாடும் கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போகவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

இந்த வியாழக்கிழமைக்காக வீடே ஒரு மாதமாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து ஒரு மேடம் பதினோரு மணிக்கு வருகிறார். முப்பது நாளில் வந்த எச்சரிக்கை ஒவ்வொன்றும் உடனே பார்க்கப்பட்டு, முறையாக முடிக்கப்பட்டிருந்தால், கலசப்பாக்கம் வரைக்கும் ஐம்பது பண்ணைகளில் பட்டை மாட்டும் வேலை லாவண்யாவுக்கு. இல்லையென்றால் ஒரு வருஷ உழைப்பு கழுத்துப் பட்டையோடு போகும்.

காலை ஆறு மணிக்குக் கொட்டகைக்குப் போனேன். மேடத்துக்குச் சொல்ல இரண்டு ஜோக் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றை மயில்கழுத்தின் பக்கத்தில் நின்று சொல்லிப் பார்த்தேன்.

"பாக்கறீங்களா, இல்ல இன்னிக்கும் ஜோக்குதானா?"

அன்புச்செல்வி. எங்களிடம் நான்கு வருஷமாகப் பால் கறப்பவள். மெஷினை மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் பாலைக் கறுப்புக் கிண்ணத்தில் பீச்சிப் பார்ப்பாள். அந்தக் கிண்ணத்தைத்தான் நீட்டிக்கொண்டிருந்தாள். அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசி ஐந்து நாளாகியிருந்தது. அவள் அண்ணன் வீட்டுக் காதுகுத்துக்கு நான் போகாத கோபம் என்று நினைத்திருந்தேன்.

கிண்ணத்தில் இருந்ததைப் பால் என்று சொல்ல முடியாது. மஞ்சளாகத் தண்ணீர், அதில் கட்டிகட்டியாக ஏதோ, நடுவில் ஒரு சிவப்பு இழை.

மயில்கழுத்தின் மடியைத் தொட்டேன். பின்வலப் பக்கம் கல்லாக இருந்தது. அடுப்பிலிருந்து இறக்கிய கல். மாடு உதைக்கவில்லை. உதைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"எப்போருந்து இப்டி?"

"எப்போருந்தா? என்னைக் கேக்கறீங்க? சனிக்கெழமையே சொன்னேனே."

"என்கிட்டயா?"

"லாவண்யா பாப்பாகிட்ட. அப்பா பாத்துட்டாரு, டாக்டராண்ட பேசிட்டாரு, ஒண்ணுமில்லன்னுட்டாரு, நீங்க ஐஸ் மட்டும் வைங்கக்கான்னு சொல்லிச்சு. நானும் அஞ்சு நாளா ஐஸ் வச்சிகினு கீறேன்."

நான் டிவியைப் பார்த்தேன். மயில்கழுத்தின் புள்ளி பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியாது அன்பு."

அவள் என் முகத்தையே பார்த்தாள். கிண்ணத்தில் பார்ப்பது போலவே பார்த்தாள்.

"மாடு நொந்துகினு நிக்குது. நீங்க தெனம் வந்து அது பக்கத்துலயே நின்னு சிரிப்பு காட்டிட்டுப் போறீங்க. இன்னா மனுசன்டா இந்தாளுன்னு இருந்திச்சு எனக்கு." கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "நெசமாவே தெரியாதா?"

"சத்தியமா தெரியாது."

"அப்ப டாக்டரக் கூப்புடுங்க. ஜல்தி."

போனை எடுத்தவன் சட்டென்று நின்றேன். "அஞ்சு நாளா இந்தப் பாலு..."

"கேன்ல ஊத்தல. தனியாக் கறந்து எருக்குழில கொட்டிகினு கீறேன். ஊர்ல கொழந்தைங்க குடிக்கறதாச்சே."

யாரும் அவளிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அவள் செய்ததை எழுத எங்கள் போனில் இடமும் கிடையாது.

மாட்டு டாக்டர் திருமலைக்குப் போன் பண்ணி அன்பு சொன்னதைச் சொல்லிவிட்டு, லாவண்யா போட்டுக் கொடுத்த ஆப்பைத் திறந்தேன். எனக்கு அதில் புள்ளிகளைப் பார்க்கத் தெரியும். அதைத் தாண்டி எதை அமுக்கினாலும் மாடு வெடித்துவிடும் என்று பயம். இன்று பயத்தோடேயே அமுக்கினேன். மயில்கழுத்தின் பெயருக்குக் கீழே ஒரு பதிவு வந்தது.

பின்வலக் காம்பு, பாலில் கோளாறு. பார்த்தவர்: லாவண்யா. முடிவு: தவறான எச்சரிக்கை. சரிபார்த்தவர்: அருணகிரி. சனிக்கிழமை மாலை 4.12.

அருணகிரி நான்தான்.

இந்த 'சரிபார்த்தவர்' எங்கே இருந்து வந்தார் என்று சொல்ல வேண்டும். எங்கள் பட்டு வியாபாரத்தில், சேலையை நெய்தவரே அதை மடித்து முத்திரை குத்தக் கூடாது. இன்னொருவர் வெளிச்சத்தில் விரித்து, இழை இழையாகப் பார்த்துத்தான் குத்துவார். நெய்தவர் சொந்தத் தம்பியாக இருந்தாலும் அப்படித்தான். லாவண்யா சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள். ஆப் செய்யும்போது அவளாகவே சொன்னாள். "அப்பா, நம்ம கடை மாதிரியே வச்சிருக்கேன். எச்சரிக்கைய பாக்கறது ஒரு ஆளு. முடிக்கறது இன்னொரு ஆளு. பாக்கறது நான், முடிக்கறது நீங்க." அன்றைக்கு அதை ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். டீக்கடையில் இரண்டு முறை.

சனிக்கிழமை மாலை 4.12க்கு நான் டவுனில் பல் டாக்டர் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தேன். போன் என்னிடம் இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த லாவண்யாவிடம் இருந்தது.

மனசு எத்தனை கேவலமானது என்று அப்போது தெரிந்தது. முதலில் பல் டாக்டரைச் சந்தேகப்பட்டேன். அப்புறம் அவருடைய நர்ஸை. போனே தானாக அமுங்கியிருக்குமோ என்று யோசித்தேன். அன்புச்செல்வி ஏதாவது மாற்றிச் சொல்கிறாளோ என்றுகூட ஒரு விநாடி போயிற்று. எதிரில் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தவளைப் பார்த்து. என் மகளைத் தவிர உலகத்தில் எல்லாரையும் சந்தேகப்பட எனக்கு ஆசையாக இருந்தது.

ஏழரைக்கு டாக்டர் திருமலை வந்தார். போன மாதம் நான்கு தடவை அவரைச் சும்மா ஓடிவர வைத்திருக்கிறேன். அதில் ஒரு தடவை, அரக்கு தன் கழுத்துப் பட்டையைக் கம்பத்தில் சொறிந்ததற்கு.

"இன்னா சார், இன்னிக்கி எந்த மாட்டுக்கு சொறிச்சல்?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனவர், மடியைத் தொட்டதும் சிரிப்பை நிறுத்தினார். ஜுரம் பார்த்தார். ஊசி போட்டார். கை கழுவும்போதுதான் பேசினார்.

"சனிக்கிழமையே கூப்பிட்டிருந்தா ரெண்டு ஊசியில போயிருக்கும். அந்தக் காம்புல இனிமே பால் வராது, சார். அத விடுங்க. சாயங்காலத்துக்குள்ள ஜுரம் எறங்கணும். எறங்கலன்னா மாடே தங்கறது கஷ்டம்."

"மிஷின் சொல்லல சார்," என்றேன். என் வாயிலிருந்து வந்ததைக் கேட்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

"எப்டி சொல்லும்? தப்பு அலாரம்னு யாராச்சும் முடிச்சிருந்தா, அந்த மாட்டப் பத்தி ஒரு வாரத்துக்கு அது வாயத் தெறக்காது. உங்க பொண்ணுதான் எனக்கே சொல்லிக்குடுத்திச்சு."

வீட்டுக்குள் போனேன். ரேணுகா கேசரி கிளறிக்கொண்டிருந்தாள். மேடத்துக்காக நல்ல சேலை கட்டி, மேலே பழைய துண்டு ஒன்றைப் போர்த்தியிருந்தாள், நெய் தெறிக்காமல் இருக்க.

"ஏன் மூஞ்சி இப்டி கீது?"

"பல்லு."

"அன்னிக்கிதான் புடுங்கியாச்சே."

"பக்கத்துப் பல்லு."

அவள் கரண்டியில் கொஞ்சம் கேசரி எடுத்து ஊதி என் கையில் வைத்தாள். "இனிப்பு சரியா கீதா பாருங்க. பாப்பா காலைல இருந்து பச்சத் தண்ணி குடிக்கல. பயம். நீங்க போயி ரெண்டு வார்த்த தைரியம் சொல்லுங்க."

சரி என்றேன். கேசரியை வாயில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

கொட்டகையை ஒட்டின சின்ன ரூமில் லாவண்யா லேப்டாப்பைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தாள். நான் கதவைச் சாத்தினேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. சின்ன வயதில் சர்க்கரை டப்பாவோடு மாட்டிக்கொண்டால் இப்படித்தான் பார்ப்பாள். அப்போது அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

"நாலு தடவ தப்பு அலாரம் வந்திச்சுப்பா, போன மாசம். நாலு தடவையும் நீங்க பதறி டாக்டர வரவழைச்சீங்க. அவரே கிண்டல் பண்ணாரு."

"சரி."

"இதுவும் அப்டித்தான்னு நெனச்சேன். நீங்க நாற்காலியில கெடந்தீங்க. வெளிய வந்ததும் கேட்டா திரும்பப் பதறுவீங்க. அதான் நானே..."

"தப்பா நெனச்சிட்ட. எல்லாரும் நெனப்பாங்க. நான் டெய்லி நெனக்கறேன்." என் குரல் நன்றாகத்தான் இருந்தது. "தப்பு அலாரம் இல்லன்னு எப்போ தெரிஞ்சிது?"

அவள் லேப்டாப்பைப் பார்த்தாள்.

"லாவண்யா."

"திங்கக்கிழம. சனிக்கிழம அன்பு அக்கா சொன்னப்போ நான் நம்பல. அன்னிக்கிதான் கிண்ணத்தக் காட்டினாங்க."

"இன்னிக்கி வியாழக்கிழம."

"முடிச்சத திருப்பித் திறந்தா அது பதிவுல சிவப்பா நிக்கும்பா. தப்பா முடிச்சிருக்காங்கன்னு நிக்கும். மூணு நாள்தானே, அவங்க வந்து போனதும் மதியமே டாக்டர கூப்பிட்டுடலாம்னு இருந்தேன். ஐஸ் வச்சிட்டுதான் இருந்தோம்."

திங்கள், செவ்வாய், புதன். மூன்று நாளும் அந்தக் கொட்டகையில் நான் ஜோக் சொல்ல, இவள் பக்கத்தில் நின்று சிரித்திருக்கிறாள். நல்ல ஜோக் என்று நினைத்துக்கொண்டேன்.

"உன் பேர்லயே முடிச்சிருக்கலாமே."

"அது ஏத்துக்காதுப்பா. பாத்த ஆளே முடிக்க முடியாது."

"அப்டி வச்சது யாரு?"

அவள் லேப்டாப்பை மூடினாள். ரொம்ப மெதுவாக, "நான் ஒண்ணும் பொய் சொல்லச் சொல்லலப்பா," என்றாள். "இன்னிக்கி காலைல புதுசா வந்த மாதிரி ஒரு எச்சரிக்கை போட்டுட்டேன். ஆறு மணிக்கு வந்திச்சு, ஏழரைக்கு டாக்டர். பாக்க நல்லாத்தான் இருக்கும். சனிக்கிழமைய பத்தி அவங்க கேக்கவே மாட்டாங்க. கேட்டா மட்டும்..."

"கேட்டா?"

"ஒரு வார்த்தப்பா. ஒரு வருஷம் இதுக்குன்னே கெடந்தேன். நீங்கதானே பாத்தீங்க."

நான் வெளியே வந்தேன். கோபம் வந்திருந்தால் கத்தியிருப்பேன், கத்தினால் சரியாகிவிடும். வந்தது கோபம் இல்லை. என்னைக் கேட்காமல் என் கையை எடுத்து, நான் வளர்த்த மாட்டின் வாயைப் பொத்தியிருக்கிறாள். அந்தக் கையை வைத்துக்கொண்டு நான் ஐந்து நாளாகச் சோறு தின்றிருக்கிறேன்.

பதினோரு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னதாகவே கார் வந்தது. மேடத்தின் பெயர் மதிவதனி. நாற்பது வயது இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுக் காரிலிருந்து ரப்பர் பூட்ஸ் எடுத்து மாட்டிக்கொண்டார். அதைப் பார்த்ததும் என் இரண்டு ஜோக்கும் மறந்துபோயின.

டிவி முன்னால் லாவண்யா அழகாக விளக்கினாள். குரல் நடுங்கவில்லை. வேறொரு நாளாக இருந்தால் நான் அழுதிருப்பேன். அன்புச்செல்வி இரண்டடி தள்ளித் தீவனக் கூடையோடு நின்றாள். ரேணுகா வாசலிலிருந்து, கேசரியை எப்போது கொண்டுவரலாம் என்று எனக்குக் கண்ணால் ஜாடை காட்டிக்கொண்டிருந்தாள்.

மேடம் கையில் இருந்த டேப்லட்டை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"இந்த மயில்கழுத்து, இன்னிக்கி காலைல எச்சரிக்கை, ஒன்றரை மணி நேரத்துல டாக்டர். நல்லது. ஆனா இதே மாட்டுக்கு, இதே காம்புல, சனிக்கிழமையும் ஒண்ணு வந்திருக்கே. தப்பு அலாரம்னு முடிச்சிருக்கு." நிமிர்ந்தார். "நீங்க முடிச்சதா சார்?"

லாவண்யா என்னைப் பார்க்கவில்லை.

"ஆமாங்க," என்றேன்.

தீவனக் கூடை தரையில் இறங்கும் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. காலையில் சத்தியம் செய்த அதே வாயால் சொல்லிவிட்டேன் என்பதைத் திரும்பிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

"நேர்ல மடியத் தொட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"தப்பு எல்லாருக்கும் வரும் சார். ஒத்துக்கறீங்களே, அது பெருசு." சொல்லிவிட்டு மேலும் தள்ளினார். "இந்த மாசம் மட்டும் ஏழு முடிச்சிருக்கீங்க. ஏழுமே தப்பு அலாரம்தானா?"

ஏழு.

வாரத்துக்கு இரண்டு தடவை அப்டேட் என்று என் போன் லாவண்யா கைக்குப் போகும். என் பழைய போனுக்கு இவ்வளவு அப்டேட் எதற்கு என்று நான் கேட்டதே இல்லை. இந்த மாதம் ஒரு எச்சரிக்கைகூட வரவில்லையே என்று மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தேன்.

லாவண்யாவைப் பார்த்தேன். அவள் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டில் பதினொன்று பச்சை.

"பத்து நாள் முன்னாடி மாந்துளிர். பின்னங்கால், நடை கொறஞ்சிருக்குன்னு வந்திருக்கு," என்றார் மேடம். "அதுக்கு என்ன பண்ணீங்க சார்?"

வாயே மூடாதவன் என்று ஊரில் எனக்குப் பெயர். கழுத்தை நீட்டிக் கொட்டகைக்குள் மாந்துளிரைத் தேடினேன்.

"அப்பாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், மேடம்," என்றாள் லாவண்யா. "சொல்லுங்கப்பா."

நான் சொல்வதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"மாந்துளிரு இன்னும் நொண்டிகினுதான் கீது, மேடம்," என்றாள் அன்புச்செல்வி. "குளம்புக்குள்ள சீழு. நானே மஞ்சப் பத்து போட்டுகினு கீறேன். எழுதறதெல்லாம் எனக்குத் தெரியாது. மாட்டக் காட்டத் தெரியும். வாங்க."

மேடம் டேப்லட்டை மூடி அக்குளில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தார். ரப்பர் பூட்ஸ் சாணியில் சப்பென்று பதிந்து பதிந்து போயிற்று. டிவி முன்னால் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

லாவண்யா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நிறுத்துங்கப்பா அவங்கள. நீங்க சொன்னா அன்பு அக்கா கேப்பாங்க."

"இனிமே கேக்க மாட்டா."

"மேடம்கிட்டயாவது சொல்லுங்க. எதாச்சும் சொல்லுங்க. நீங்கதான் பேசுவீங்களே."

"ஏழு, லாவண்யா."

"ஆமான்னு நீங்கதானே சொன்னீங்க." அவள் குரல் உடைந்தது. ஆனால் பிடி தளரவில்லை. "நான் சொல்லச் சொல்லல. இப்ப ஏழும் உங்க பேர்லதான்பா இருக்கு. நான் மாட்டினா நீங்களும்தான் மாட்டுவீங்க. புரியுதா?"

எனக்குப் புரிந்தது. ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு இவ்வளவு வேகமாக எதுவும் புரிந்ததில்லை. அவளுடைய தலை கலைந்திருந்தது. பழக்க தோஷத்தில் ஒதுக்கிவிடக் கை போயிற்று. பாதியில் திரும்பி வந்து, மணிக்கட்டிலிருந்த அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது.

கொட்டகைக்குள் போனேன். மாந்துளிர் ஒரு காலைத் தூக்கியபடி நின்றது. மேடம் மண்டியிட்டுக் குளம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்புச்செல்வி மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள், அது நகராமல் இருக்க. என் பக்கம் அவள் கண் வரவே இல்லை.

"இது எத்தன நாளா இருக்கு, சார்?" மேடம் நிமிராமல் கேட்டார்.

"எனக்குத் தெரியாதுங்க," என்றேன். "அந்த ஏழுல ஒண்ணுகூட நான் இல்ல. சனிக்கிழமையும் நான் இல்ல. நான் சொன்னது பொய்."

அன்புச்செல்வியின் கை மாட்டின் கழுத்தில் அப்படியே நின்றது.

மேடம் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். அவசரப்படவில்லை.

"அப்போ யாரு சார்?"

எனக்குப் பின்னால் லாவண்யாவின் செருப்புச் சத்தம் கொட்டகை வாசல் வரைக்கும் வந்து, நின்றது.